சில்லு கிடக்கும் கட்டம்

இதோ வருகிறது, ஒத்திகையில் வந்த மாதிரியே இங்கேயும் வரத்தான் போகிறது, ஐந்து, ஆறு, ஏழு, வந்துவிட்டது, பாட்டில் எட்டாவது பார், நாலு தட்டு நீளத் துண்டு, நான் வெட்டி எறிந்த பார், இந்தப் பாட்டு பிறந்த வாரத்திலேயே இல்லாமல் போன பார், அதை இந்தப் பையன் எங்கிருந்தோ தோண்டியெடுத்துக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு மேடையில் உட்கார வைத்திருக்கிறான், அதற்கு நான் சேவகம் செய்ய வேண்டும், என் டபுள் பாஸில், என் விரலால், ஒரு அடி, இன்னொரு அடி, இன்னொன்று, இன்னொன்று, நாலு அடி நடந்து அவனை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடவேண்டும். விட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு உச்சி ஸ்வரத்தைப் பிடித்தபடி நிற்கிறான், சாக்ஸபோன் மேலே தூக்கியிருக்கிறது, முன்வரிசைக்காரர்கள் கைதட்டுகிறார்கள். எதற்குக் கைதட்டு? மூச்சு இருக்கிறது, பிடிக்கிறான். முப்பது வயசு, நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை, தினமும் கடற்கரையில் ஓடுகிறானாம், பிடிக்க மாட்டானா? கெவின் ரொசாரியோ, நியூயார்க்கில் படித்துவிட்டு வந்த கெவின், ஆல்ஃபி ரொசாரியோவின் மகன், இந்த ஊர் ஜாஸுக்கு இனி இவன்தான் என்று பேப்பரில் போடுகிறார்கள். போடட்டும். இந்த ஊர் ஜாஸ் என்பது என்ன, மொத்தமாகக் கூட்டினால் ஒரு வேன் நிறைய ஆட்கள், அதில் பாதிப் பேர் வாரநாளில் கல்யாண ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள். அதற்குப் பூங்காவில் ஒரு விழா, விழாவுக்கு ஒரு வீடு கட்டும் கம்பெனி ஸ்பான்சர், எங்கள் தலைக்குப் பின்னால் ஆறடி உயரத்துக்கு மாடுலர் கிச்சன் படம். நான் நிற்கிற இடம் சரியாக சிங்க்குக்கு முன்னால். என்னைப் போட்டோ எடுத்தால் பாத்திரம் தேய்க்க வந்தவள் பாஸ் வாசித்துவிட்டுப் போகிறாள் என்றுதான் தோன்றும்.

பாட்டின் தலை முடிந்தது, இனி சுற்று. சாயங்காலம் அந்த அறிவிப்பாளர் பெண், நல்ல பெண்தான், பட்டுப்புடவையில் வேர்த்துக்கொண்டு, "மேம், நோட்டு எதுவும் பாக்காம ஆளுக்கொண்ணு வாசிக்கிறீங்க, அப்புறம் எல்லாரும் எப்படி ஒரே இடத்துல வந்து சேர்றீங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னேன், முதலில் பாட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்போம், அதற்குத் தலை என்று பேர், அப்புறம் ஒவ்வொருத்தராகத் தன் இஷ்டத்துக்குக் கற்பனை பண்ணி வாசிப்பார்கள், ஆனால் அடியில் அதே பாட்டு அதே நீளத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், நாலு தட்டு ஒரு பார், அப்படி எட்டு பார், மறுபடி எட்டு, நடுவில் பிரிட்ஜ் என்று வேறொரு பக்கம் போய்வருவது, கடைசியில் பழைய எட்டு, இது ஒரு சுற்று, எல்லோரும் வாசித்து முடித்ததும் லீடர் தன் தலையைத் தொட்டுக் காட்டுவார், உடனே எல்லோரும் தலைக்குத் திரும்பிவிடுவோம். "சுற்றை யார் மேம் ஞாபகம் வச்சிருப்பாங்க?" "நான்தாம்மா." பெரிய ஆச்சரியம் அவளுக்கு. அப்புறம் மேடையேறி என்னை "நம்ம சீனியர் மோஸ்ட் லேடி வயலினிஸ்ட்" என்று அறிமுகப்படுத்தினாள். போகட்டும், அதற்குக்கூட எனக்குக் கோபம் இல்லை, இந்த ஊரில் இதைப் பெரிய வயலின் என்று சொல்லாத ஆட்டோக்காரர் கிடையாது. கோபம் அதற்கப்புறம் மைக்கைப் பிடித்த கெவின் மேல்தான். "அடுத்து வரப்போறது எங்க டாடி கம்போஸ் பண்ணது. பேரு சில்லு. சில்லுனு காத்து வீசுதுன்னு சொல்வோம்ல, அந்த சில்லு. ஊட்டியில ஒரு விண்டர்ல எழுதினாராம். கண்ணை மூடிக் கேளுங்க, குளிரும்." கூட்டம் ஆஹா என்றது. எனக்குக் கழுத்திலிருந்து முதுகு வழியாக வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. ஊட்டி! ஆல்ஃபி ஊட்டிக்குப் போனதே ஒரே ஒரு தடவை, போய் இரண்டு நாளும் வாந்தி எடுத்துவிட்டு வந்தான்.

ஆறு, ஏழு, எட்டு, மிதித்தாயிற்று. கெவின் இப்போது தன் இஷ்டத்துக்கு வாசிக்கிறான், நன்றாகத்தான் வாசிக்கிறான், அதுதான் எரிச்சலாக இருக்கிறது, மோசமாக வாசித்தால் மனசுக்குள் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். சில்லு என்றால் குளிர் இல்லையடா. சில்லு என்றால் ஓட்டுத்துண்டு. அயனாவரத்தில் எங்கள் சந்துக்குள் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவோமே, உடைந்த ஓட்டுத்துண்டைத் தூக்கிப் போட்டு ஒற்றைக் காலில் தாவிப் போவோமே, அந்தச் சில்லு. சில்லு எந்தக் கட்டத்தில் கிடக்கிறதோ அதை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போகவேண்டும், மிதித்தால் அவுட். என் தங்கை பிலோமினாவுக்குத் தாவ முடியாது. பள்ளிக்கூட வயசில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது, நாலு தாவு தாவினால் உதடு நீலமாகிவிடும். அதனால் அவள் வாசற்படியில் உட்கார்ந்து சில்லைப் போடுவாள், நான் தாவுவேன், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள். "அக்கா, நாலாவதுல போட்டிருக்கேன், தாண்டு, தாண்டு!" வேண்டுமென்றே கஷ்டமான கட்டத்தில் போடுவாள் கழுதை. பெரியவளானதும் அவள் பாடினாள். அப்பா ஸ்டுடியோவில் வாசித்த இந்த பாஸை நான் எடுத்துக்கொண்டேன், அவள் தொண்டையை எடுத்துக்கொண்டாள், இரண்டு பேருமாக ஆல்ஃபியின் பேண்டில் சேர்ந்தோம், கடற்கரைச் சாலை ஹோட்டலில், ஆல்ஃபி ட்ரம்பெட், ஜப்பார் பாய் ட்ரம்ஸ். பிலோ மேடையில் நின்றால் ஜூஸ் கொண்டுபோகிற பேரர்கூட நின்றுவிடுவான். அவளுக்கென்று நான் ஒரு பாட்டுப் போட்டேன். வார்த்தை கிடையாது, லா லா தான், வார்த்தை போட்டால் மூச்சு இன்னும் செலவாகும் என்று. மல்லாந்து படுக்க முடியாமல் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து அவள் சாய்ந்திருப்பாள், நான் கட்டிலோரம் பாஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போட்டேன், அவள் பாடிப் பார்த்தாள். பிரிட்ஜில் குரல் ஏறி ஏறி உச்சிக்குப் போய், அங்கே ஒரு ஸ்வரத்தில் இரண்டு பார் நிற்க வேண்டும். முதல் பார் நின்றாள். இரண்டாவது பாரில் குரல் நூலாகி அறுந்தது. மறுபடி பாடினாள், மறுபடி அறுந்தது. "அக்கா, அந்தக் கடைசி ஒண்ணு மட்டும் எனக்கு எட்டலைக்கா." சாதாரணமாகத்தான் சொன்னாள், உப்பு கொஞ்சம் குறைகிறது என்கிற மாதிரி. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்காமலே சொன்னேன், "அப்ப அது வேணாம், தாண்டிடலாம்." அந்த பாரையே தூக்கிவிட்டேன். உச்சியில் ஒரு பார் நிற்பாள், மூச்சு தீர்கிற இடத்தில் பாட்டு தானாகவே திரும்பி வீட்டுக்கு வந்துவிடும், அவள் ஹக் என்று ஒரு சின்ன மூச்சை இழுத்துக்கொண்டு ஓடிவந்து சேர்ந்துகொள்வாள். பாடி முடித்துவிட்டு அப்படிச் சிரித்தாள். "சில்லு கிடக்கிற கட்டம்க்கா அது! மிதிக்கக் கூடாது." அன்றைக்குப் பேர் வைத்ததுதான், சில்லு.

கெவின் மூன்றாவது சுற்றுக்குப் போகிறான், கை உயர்த்தி இன்னொன்று என்கிறான், போ ராசா போ. ஹோட்டலில் அந்த மூச்சு மைக்கில் கேட்கும். ஹக். அது ஸ்டைல் என்று நினைத்தார்கள், வெளிநாட்டுப் பாடகிகள் பாடுகிற மாதிரி என்று ஒரு துரைசாணி வந்து சொல்லிவிட்டுப் போனாள், பிலோ மெனக்கெட்டு நன்றி சொன்னாள், பின்பக்கம் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆல்ஃபி ஒருநாள் கேட்டான், "சில்லுன்னா என்ன மேன், கோல்டா?" இவள் கண்ணை உருட்டி, "ஆமா ஆல்ஃபி, சில்லுனு இருக்கும்ல, அதுதான்" என்று சொன்னாள். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அந்த விளையாட்டு எங்கே வந்து நிற்கிறது பார் பிலோ, உன் ஓட்டுத்துண்டு ஊட்டிக் குளிராகி, வீடு கட்டுகிற கம்பெனி செலவில் ஆயிரம் பேர் கண்ணை மூடிக்கொண்டு குளிர்கிறார்கள். சிரிப்பு வரவில்லை, நெஞ்சு எரிகிறது. அவள் போனபோது இருபத்தேழு. அடக்கத்துக்கு ஆல்ஃபி வந்தான், ட்ரம்பெட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தான், ஏன் வாசிக்கவில்லை என்று யாரோ கேட்டதற்கு உதடு ஒத்துழைக்காது என்றான். அடுத்த மாதம் ஹோட்டலில் சில்லை எடுத்தான். பாட ஆள் இல்லை, அவனே ட்ரம்பெட்டில் வாசித்தான், "எ லிட்டில் திங் ஆஃப் அவர்ஸ்" என்று சொல்லித் தொடங்கினான். அவர்ஸ். நான் பாஸைக் கட்டிக்கொண்டு நின்றேன், அழுகையை அடக்குவேனா, யார் போட்ட பாட்டு என்று சண்டை போடுவேனா? ஒரு வருஷத்தில் அவர்ஸ் என்பது மைன் ஆகிவிட்டது. பம்பாய் விழாவில் ஆல்ஃபி ரொசாரியோவின் சில்லு. கல்கத்தாவில் ஆல்ஃபி ரொசாரியோவின் சில்லு. திருடன். திருடன் என்று அவனை நேராகவே சொன்னேன் ஒருதரம், கிறிஸ்துமஸ் பார்ட்டியில். குடித்திருந்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், அடுத்த நாள் மறந்துவிட்டான். ஆனால் ஒன்று, அதை மட்டும் அவனுக்காகச் சொல்லியாக வேண்டும். சாகும்வரை அந்த பாரை அவன் திரும்பப் போடவில்லை. ட்ரம்பெட்டில் அவனுக்கு அந்த ஸ்வரத்தை இரண்டு பார் என்ன, நாலு பார் பிடிக்க வரும். பிடிக்க மாட்டான். ஒரு பார், அதோடு விட்டுவிடுவான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மூச்சை இழுப்பான், பழைய எட்டுக்குள் வந்து விழுவான். ஒவ்வொரு தடவையும். ஆல்ஃபி திருடினான், திருடியதை அப்படியே வைத்திருந்தான். மகன் வந்து திருத்துகிறான். திருடியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேனே பாவி, திருத்தியதைப் பொறுக்க முடியவில்லை.

திருத்திய விதம் இருக்கிறதே. நேற்று ஒத்திகையில் கீபோர்டு மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "ஆன்ட்டி, பிரிட்ஜ்ல ஒரு பார் மிஸ் ஆகுது. டாடி கவுன்ட்டிங்ல எப்பவுமே வீக்தானே. நான் போட்டுட்டேன், இப்ப கரெக்டா இருக்கு." நான் சொன்னேன், "மிஸ் ஆகலைப்பா. அது அப்படித்தான்." "அப்படி யாரும் எழுத மாட்டாங்க ஆன்ட்டி, சின்ன மிஸ்டேக்தான், நத்திங் டு வொரி." தோளில் தட்டினான். தட்டினான்! இவன் கைக்குழந்தையாக மூத்திரம் போன தோள் இது. "உங்கப்பா பாட்டு இல்ல அது, நான் போட்டது" என்று வாயைத் திறந்தேன், திறந்தபோதே பார்த்தேன், அவன் முகத்தில் ஒரு பொறுமை வந்தது, வயசானவர்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிற பொறுமை, "ஷ்யூர் ஆன்ட்டி, நீங்க எல்லாரும் சேர்ந்துதானே டாடிகூட ஒர்க் பண்ணீங்க, இட்ஸ் எவ்ரிபடிஸ் மியூசிக்." எவ்ரிபடிஸ். அப்பன் அவர்ஸ் என்றான், பிள்ளை எவ்ரிபடிஸ் என்கிறான், இப்படியே போனால் பேரன் கார்ப்பரேஷனுக்கு எழுதிக் கொடுத்துவிடுவான். ஜப்பார் பாயைப் பார்த்தேன். இந்த மேடையில் என்னைத் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், பிலோ பின்னால் உட்கார்ந்து வாசித்தவர். அவர் ஸ்டூல் உயரத்தைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம் டீ குடிக்கும்போது மெதுவாக, "விடுங்க செலினம்மா. பெரிய இடம், சின்னப் பசங்க. நாம வாசிக்கிறதே இன்னும் எத்தன நாளைக்கு?" என்றார். அவர் டீயைப் பாதியில் கொட்டினார். இன்றைக்கு இது ரெக்கார்ட் ஆகிறது, மேடைக்குப் பக்கத்தில் நிற்கிற வேனில் ஒருத்தன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஆல்பமாக வரப்போகிறது, போனில் கேட்கலாமாம், உலகம் பூராவும் கேட்கலாமாம். பிலோ குரல் எதிலும் பதிவாகவில்லை. ஒரு கேசட், ஒரு டேப், ஒன்றும் இல்லை. ஹோட்டல்காரர்கள் எதற்கு டேப் பண்ணப் போகிறார்கள், நாங்கள் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள வைத்தவர்கள். அவள் இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்கு இருக்கிறது அந்த இல்லாத பார் ஒன்றுதான். அதையும் இவன் அடைத்துவிட்டான், நாளைக்கு இதுதான் சில்லு, இதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் படிக்கும், எட்டு எட்டாகச் சரியாக, நோட்டில் கணக்கு டீச்சர் டிக் போட்ட மாதிரி.

கைதட்டல். கெவின் முடித்துவிட்டான், குனிந்து தண்ணீர் குடிக்கிறான். பியானோவுக்குப் போகிறது. தர்ஷன் வாசிக்கிறான், வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி, சனி ஞாயிறு பியானோ, காது நல்ல காது, நான் எங்கே போகிறேன் என்று பார்த்துக்கொண்டே வருவான். நான் நடக்கிறேன். பாஸ் வாசிக்கிறவளுக்கு உட்கார இடமில்லை, மற்றவர்களுக்கு முறை வரும், முடியும், தண்ணீர் குடிப்பார்கள், நான் நடந்துகொண்டே இருக்கவேண்டும், பாருக்கு நாலு அடி, நின்றால் மேலே இருப்பவன் விழுவான். முதல் வரிசையில் ஒரு பையன் எலெக்ட்ரிக் பாஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கெவினின் அடுத்த செட்டுக்காம், சிங்கப்பூர் விழாவுக்கும் அவன்தானாம். அப்படியானால் இது என் கடைசி வேலையாகவும் இருக்கலாம். சொல்லாமல் இருந்தால் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்களோ? கூப்பிடுவார்கள், கூப்பிட்டு மறுபடி இந்தக் கட்டத்தை மிதிக்கச் சொல்வார்கள். நான் அந்த பாரை விட்டுவிட்டால் என்ன ஆகும், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும், ஆயிரம் பேர் முன்னால், ரெக்கார்டிங்கில், கிழவிக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது என்பார்கள், பாவம் என்பார்கள், பாவம் என்பதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. தர்ஷன் ஏதோ அழகாக ஒன்று வாசித்தான், அதன் பின்னாலேயே போனேன், நல்ல இடம், இடது கை தானாகக் கீழே இறங்கி அதற்குப் பதில் சொன்னது, அவன் திரும்பிச் சிரித்தான், பழைய எட்டுக்கு வந்துவிட்டோம். வந்துவிட்டோமா? பிரிட்ஜ் எங்கே? போய்விட்டது. அந்த எட்டாவது பாரை நான் வாசித்தேனா? வாசித்திருக்கிறேன். நாலு அடியும் வைத்திருக்கிறேன். தெரியவே இல்லை. ஒரு முள்கூடக் குத்தவில்லை. என் விரல் பழகிவிட்டது. ஐயோ, ஒரு ஒத்திகை, இந்த நாலைந்து சுற்று, அதற்குள் என் விரலே அங்கே எட்டு பார் என்று ஒத்துக்கொண்டுவிட்டது. இவ்வளவு நேரம் கெவின் மேல் கோபம், செத்துப்போன ஆல்ஃபி மேல் கோபம், இப்போது கோபம் இந்த விரல் மேல். பிலோவை முதலில் எல்லோரும் மறந்தார்கள், கடைசியில் நானே மறந்தேன் என்று ஆகப்போகிறது, அதுவும் மேடையில், சிரித்துக்கொண்டே.

பியானோ முடிந்தது. கெவின் என்னைக் கை காட்டினான், பாஸ் சோலோ. பாஸ் சோலோ வந்தால் சனங்கள் பேச ஆரம்பிப்பது வழக்கம். "நீங்க தொடங்கினாதான் செலினம்மா எல்லாருக்கும் பாத்ரூம் ஞாபகம் வருது" என்று ஜப்பார் பாய் கேலி பண்ணுவார். இதோ நாற்காலிகள் நகர்கின்றன, ஒரு அம்மாள் பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள், கெவின் ஓரமாகப் போய் சாக்ஸபோன் வாயிலிருக்கும் ரீடை நக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், தர்ஷன் கையை மடியில் வைத்துவிட்டான், பாய் பிரஷ்ஷால் ட்ரம் தோலைத் தடவுகிறார், அவ்வளவுதான் சத்தம். நல்லது. எல்லோரும் பேசுங்கள். இப்போது இந்தச் சுற்று என் கையில் இருக்கிறது, என்னிடமும் பாயிடமும் மட்டும். வேகமாக எதையாவது வாசித்துக் காட்டுவேன் என்று பாய் எதிர்பார்த்தார். நான் பாட்டையே எடுத்தேன். சில்லை, தலையை, அவள் பாடின மாதிரி, மேல்கம்பியில், மெதுவாக. முதல் எட்டு. இரண்டாவது எட்டு. பாயின் பிரஷ் ஒரு நொடி தயங்கியது. பிரிட்ஜ், ஏறு, ஏறு, விரல் வலிக்கிறது, அந்த உயரத்தில் பாஸ் பிடிப்பது முட்டாள்தனம், அழுத்திப் பிடித்தேன், உச்சி. ஒரு பார். அக்கா, தாண்டு, தாண்டு. தாண்டினேன். அடுத்த பாருக்கு நிற்காமல் நேரே பழைய எட்டுக்குள் குதித்தேன், குதித்தபோது பாய் என்னோடு இருந்தார். தாமதமாக வந்து சேரவில்லை, கூடவே குதித்தார், பிரஷ்ஷை எப்போது கீழே போட்டார், குச்சியை எப்போது எடுத்தார், தெரியாது, பெரிய டிரம்மை ஒரே ஒரு தரம் உதைத்தார், முறுக்கு அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். திரும்பிப் பார்த்தேன். பாய் முகம் அப்படியேதான் இருந்தது, கண் மட்டும் நனைந்திருந்தது. ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்று நான் எடுக்கலாம். எடுக்கவில்லை. வலது கையை எடுத்து என் தலையைத் தொட்டேன்.

அதை லீடர்தான் செய்யவேண்டும். இத்தனை வருஷத்தில் நான் என் தலையை மேடையில் சொறியக்கூட இல்லை. கெவின் பார்த்துவிட்டான், புருவம் உயர்ந்தது, சிரித்தான், ஓகே ஆன்ட்டி என்கிற சிரிப்பு, மைக்குக்கு ஓடிவந்தான், தலை தொடங்கிவிட்டது, நாலு பேரும் சேர்ந்தாயிற்று. எட்டு. எட்டு. தர்ஷன் என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான், சோலோவில் நான் தாண்டியதை அவன் காது பிடித்திருக்கிறது, நல்ல பிள்ளை. கெவின் கேட்டிருக்கவில்லை. அவன் பிரிட்ஜில் ஏறினான், ஏறினான், உச்சிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டான், சாக்ஸபோனை மேலே தூக்கினான், நெஞ்சை விரித்தான், இரண்டு பார் நிற்கப்போகிறான், கைதட்டலுக்குத் தயாராக நிற்கப்போகிறான். பாஸ் மேல் சாய்ந்துகொண்டேன். ஐந்து, ஆறு, ஏழு. தாண்டினேன். பாய் தாண்டினார். அரை நொடியில் தர்ஷன் தாண்டினான். நாங்கள் மூன்று பேரும் வீட்டு வாசலில் நிற்கிறோம், கெவின் மட்டும் பின்னால், அந்தக் கட்டத்துக்குள், ஒற்றை ஸ்வரத்தில் தொங்கிக்கொண்டு. கண்ணைத் திறந்தான். ஸ்வரத்தை அறுத்துவிட்டு ஓடிவந்து சேர வேண்டும், வேறு வழியில்லை, மூச்செல்லாம் அந்த உச்சியில் செலவாகிவிட்டது, மைக் வாய்க்கு முன்னால் இருந்தது, இழுத்தான்.

ஹக்.

பூங்கா முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. மாடுலர் கிச்சனுக்கும் கேட்டிருக்கும், வேனில் ஹெட்போன் மாட்டியவனுக்குக் கேட்டிருக்கும், முறுக்கு அம்மாள் கையை நெஞ்சில் வைத்தாள். எனக்குக் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் மூச்சு, அதே நீளம், அதே அவசரம், முப்பது வருஷம் எங்கும் பதிவாகாமல் இருந்துவிட்டு இந்த ஓடுகிற பையனின் நல்ல நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. கடைசி எட்டை எப்படி வாசித்து முடித்தேன் என்று தெரியாது, முடிந்தது, கைதட்டினார்கள், வழக்கத்தைவிட அதிகமாகவே தட்டினார்கள், ஸ்டைல் என்று நினைத்திருப்பார்கள். கெவின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தான். முகம் சிவந்திருந்தது. "ஆன்ட்டி, பிரிட்ஜ்ல ஒரு பார் விட்டுட்டீங்க."

"விடல."

"என் பிரெத் மைக்ல கேட்டுடுச்சு ஆன்ட்டி, ரெக்கார்டிங் போச்சு. டைம் இருக்கு, இன்னொரு டேக் எடுத்துடலாம், இந்தத் தடவை எட்டு பார் கரெக்டா..."

"எடு. எத்தன தடவ வேணா எடு. அந்த இடம் வந்தா உனக்கு மூச்சு வாங்கும். சில்லுன்னா குளிர் இல்லடா, ஓட்டுத்துண்டு. உங்கப்பன் பாட்டும் இல்ல, எவ்ரிபடிஸும் இல்ல. நான் போட்டது. என் தங்கச்சி பிலோமினாவுக்கு மூச்சு பத்தாம நான் குறைச்சுப் போட்டது. போய் மைக்ல அதச் சொல்லு, சொல்லிட்டு வா, வாசிக்கலாம்."

என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, முதல் வரிசை பார்க்கிறது, எலெக்ட்ரிக் பாஸ் பையன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கெவின் வாயைத் திறந்தான், அந்தப் பொறுமை முகத்தில் வரப் பார்த்தது, வரவில்லை. பாயைப் பார்த்தான். மெய்தானா என்று கேட்கிற பார்வை. இந்த முறை ஜப்பார் பாய் ஸ்டூல் உயரத்தைச் சரிபண்ணவில்லை. "மிதிக்காத தம்பி, தாண்டிப் போ" என்றார், குச்சிகளை ஒன்றோடொன்று தட்டினார், ஒன்று, இரண்டு, தட்டியபடியே காத்திருந்தார், கெவின் பொத்தியிருந்த கையை மைக்கிலிருந்து எடுக்கும்வரை.